ஸ்கேன் செய்வதற்கு முன்பு அது எழுத்தாகத்தான் இருந்தது

எங்கள் பள்ளி இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஆறு வருடங்களுக்கு முன்பு என் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்த டீச்சர் என்பதுதான் தகுதி. நான் கணிதம் எடுப்பவள். தளத்தைக் கட்டிக்கொடுத்தவர் வேறொருவர். சுற்றறிக்கைகளை ஏற்றுவது, விழாப் படங்களைப் போடுவது, பழையதை எடுப்பது, இவ்வளவுதான் என் பொறுப்பு. காலையில் கையெழுத்தாகும் சுற்றறிக்கை மதியத்துக்குள் தளத்தில் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு அறிவியல் தேர்வு அந்தப் பெருமையைக் கெடுத்தது. வெள்ளிக்கிழமை நடக்க வேண்டியது திங்கட்கிழமைக்கு மாறியிருந்தது. புதன்கிழமையே ஏற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, காய்ச்சலில் இரண்டு நாள் வராதவள், இன்னும் முழுதாகத் தேறாத முகத்தோடு தேர்வு எழுத வந்து நின்றாள். கூட வந்திருந்த அப்பாவிடம், "தளத்துல போட்டிருந்தோமே, பார்க்கலையா சார்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அவர் கையிலிருந்த வெள்ளைக் கோல் கண்ணில் பட்டது.

அவர் கோபப்படவில்லை. "பார்த்தேன் டீச்சர். எனக்கு என்ன கேட்டுச்சுன்னு நீங்களும் கேளுங்க" என்று போனை எடுத்தார். அதில் டாக்பேக் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு போன்களிலேயே இருக்கும் ஸ்கிரீன் ரீடர் அது, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள். விரலை வலப்பக்கம் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாக வாசித்தது. மெனுவில் இருந்த இருபத்து மூன்று இணைப்புகளையும் கடந்துதான் சுற்றறிக்கைப் பகுதிக்கு வர முடிந்தது. அங்கே வந்ததும் ஒரு கோப்புப் பெயரை வாசித்தது: ஐ, எம், ஜி, பிறகு வரிசையாகப் பதினைந்து எண்கள். இருமுறை தட்டினார். படம் திறந்தது. போன் மௌனமாகிவிட்டது.

"இதுக்கு மேல ஒண்ணும் சொல்லாது டீச்சர். ஏதோ ஒரு சுற்றறிக்கை வந்திருக்குன்னு தெரியும். என்னன்னு தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன்தான் எனக்குப் படிச்சுச் சொல்வான். இந்த வாரம் அவன் ஊரில் இல்லை."

அன்று மாலை அந்தச் சுற்றறிக்கை வந்த வழியிலேயே திரும்பிப் போய்ப் பார்த்தேன். அலுவலகத்தில் ஒருவர் வேர்டில் தட்டச்சு செய்கிறார். அச்செடுக்கிறார். தலைமையாசிரியை கையெழுத்துப் போடுகிறார். முத்திரை விழுகிறது. அந்தத் தாளை ஸ்கேன் செய்கிறார்கள், அவசரமென்றால் போனிலேயே படமெடுக்கிறார்கள். படம் எனக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது, நான் ஏற்றுகிறேன். முதல் படியில் அது எழுத்தாகத்தான் இருந்திருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும், பெரிதாக்கினால் வரி மடங்கும், தேடினால் கிடைக்கும், மொழிபெயர்க்கவும் முடியும். ஒரு கையெழுத்துக்காகவும் ஒரு வட்ட முத்திரைக்காகவும் அந்த எழுத்தை நாங்களே அழித்துவிட்டு, மிச்சமான படத்தைத் தளத்தில் போட்டுக்கொண்டிருந்தோம்.

தலைமையாசிரியையிடம் சொன்னபோது அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "சீல் இல்லாம போட்டா யார் நம்புவாங்க? நாளைக்கு எவனாவது மாத்திப் போட்டுட்டு ஸ்கூல் லீவுன்னு கிளப்பிவிட்டா?" அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அப்படி ஒரு பொய்ச் சுற்றறிக்கை முன்பு ஒருமுறை பெற்றோர் குழுக்களில் சுற்றியிருக்கிறது. அதில் முத்திரையும் இருந்தது என்பது வேறு விஷயம். கடைசியில் இப்படி முடிவானது: செய்தி முழுவதும் பக்கத்தில் எழுத்தாக இருக்கும். அதற்குக் கீழே 'கையெழுத்திட்ட நகல்' என்று ஓர் இணைப்பு. படிக்க எழுத்து, சரிபார்க்க நகல். இதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் இரண்டு நிமிடம், ஏனென்றால் தட்டச்சு ஏற்கெனவே ஆகிவிட்டது. அலுவலகத்திலிருந்து அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கினால் போதும்.

போதும் என்றுதான் நினைத்தேன். கோப்பை வாங்கி, நகலெடுத்து, தளத்தில் ஒட்டினேன். ஒட்டியதும் திரையில் வந்தது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குப்பை.

அலுவலகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். பழைய தட்டச்சுப் பழக்கம் கொண்ட பலரும் இன்றும் அப்படித்தான். அந்த எழுத்துருவில் கண்ணுக்குத் தமிழ் தெரியும். உள்ளே கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை. 'தமிழ்' என்று நாம் பார்க்கும் சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஜே என்ற எழுத்துக்குத் 'த' என்று ஒரு முகமூடி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்கிரீன் ரீடர் முகமூடியைப் பார்ப்பதில்லை. எங்கள் 'பள்ளி விதிமுறைகள்' பக்கம் தளம் தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறது. என் கண்ணுக்கு அழகான தமிழ். கூகுளில் தேடினால் அகப்படாது என்பதைக்கூட நான் கவனித்ததில்லை.

உங்கள் தளத்தில் இப்படி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். பக்கத்தில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அது ஒருங்குறி (யூனிகோடு), அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் முறை, பிரச்சினை இல்லை. ஆங்கிலக் குப்பை வந்தால் மாற்றியாக வேண்டும். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். தமிழுக்கு நடுவே வந்த ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் அந்தக் கருவி தமிழ் என்று நினைத்து உருமாற்றிவிடும். எங்கள் பள்ளியின் மின்னஞ்சல் முகவரி ஒரு வாரம் படிக்கவே முடியாத ஒரு தமிழ்ச் சொல்லாக இருந்தது.

தட்டச்சு செய்யும் அக்காவைப் பழக்கம் மாற்றச் சொல்வதுதான் பெரிய தயக்கமாக இருந்தது. இருபது வருடக் கைப்பழக்கம். அப்புறம்தான் தெரிந்தது, அவர் விரல்களை மாற்ற வேண்டியதே இல்லை. அதே பாமினி விசை வரிசையில் தட்டி ஒருங்குறி எழுத்தைப் பெறும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒன்றை நிறுவிக்கொடுத்தோம். அவர் தட்டுவது அதேதான், விழுவது மட்டும் இப்போது உண்மையான தமிழ்.

நடுவில் ஒரு குறுக்கு வழியும் பார்த்தேன். வேர்டிலிருந்து நேரடியாக பிடிஎஃப் எடுத்துப் போட்டால் எழுத்தும் இருக்கும், பார்க்கவும் தாள் போலவே இருக்கும் அல்லவா? ஆங்கிலச் சுற்றறிக்கைகளுக்கு இது ஓரளவு சரிப்பட்டது. அதிலும் 'பிரிண்ட்' வழியாக பிடிஎஃப் எடுத்தால் தலைப்பு, பட்டியல், அட்டவணை என்ற உள்கட்டமைப்பெல்லாம் போய்விடும். 'சேவ் அஸ்' வழியாக எடுக்க வேண்டும். தமிழில் வேறொரு தொல்லை. கொம்பும் காலும் எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்கும் மொழி நம்முடையது. பல பிடிஎஃப்களில் அவை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டு, வாசிக்கும்போது இடம் மாறிக் குழறுகின்றன. இதற்கும் அதே நோட்பேடு சோதனைதான். எங்கள் கோப்புகளில் பாதிக்குமேல் தேறவில்லை. சரி, பிடிஎஃப் கீழே நகலாக இருக்கட்டும், செய்தி பக்கத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போனில் பிடிஎஃப் படிப்பது கண் நன்றாகத் தெரிபவர்களுக்கே தண்டனை. பெரிதாக்கி, இடமும் வலமுமாக இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும்.

பழைய சுற்றறிக்கைகளை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. ஆறு வருடக் குவியல். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் கருவிகள் தமிழையும் அறியும், ஆனால் 'ர'வையும் காலையும் குழப்பும், மங்கலான எண்களைத் தப்பாக எடுக்கும். தேதி தப்பினால் சுற்றறிக்கையால் என்ன பயன்? ஒரு மாலை உட்கார்ந்து, இன்றைக்கும் யாருக்காவது தேவைப்படுபவை எவை என்று மட்டும் பார்த்தேன். ஒன்பது. அந்த ஒன்பதையும் மறுபடி தட்டச்சு செய்தோம். மற்றதை எல்லாம் எடுத்துவிட்டேன். தளத்தைச் சீர்செய்ய நான் செய்ததில் மிகச் சுலபமான வேலை அந்த நீக்கம்தான்.

இதற்குள் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டேன். உலகளாவிய வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி, உடற்குறை உள்ளவர்களும் தளங்களைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கென்றே நெறிமுறைகள் வைத்திருக்கிறது, டபிள்யூசிஏஜி என்பார்கள். முதல் பதிப்பு 1999, இரண்டாவது 2008, அதன் விரிவுகள் 2018-இலும் 2023-இலும் வந்தன. ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று நிலைகள். பொதுவாக எல்லோரும் குறிவைப்பது நடுவிலுள்ள ஏஏ. முழுவதையும் படிக்க உட்கார்ந்தால் தூக்கம் வரும், மறைக்க மாட்டேன். ஆனால் அதன் நான்கு கேள்விகள் மனதில் நிற்கும்: புலனுக்கு எட்டுகிறதா, இயக்க முடிகிறதா, புரிகிறதா, எந்தக் கருவியிலும் தாக்குப்பிடிக்கிறதா.

இந்த நெறிப்படி தளத்தை அலசிப் பார்த்துக் குறை சொல்லும் இலவசக் கருவிகளும் உண்டு. குரோம் உலாவியிலேயே லைட்ஹவுஸ் என்று ஒன்று இருக்கிறது. வேவ் என்று இன்னொன்று. முதல் சுற்றுத் திருத்தங்களுக்குப் பிறகு லைட்ஹவுஸில் எங்களுக்கு நூற்றுக்கு 96 கிடைத்தது. கணித டீச்சருக்கு 96 என்றால் சந்தோஷம்தானே. அந்த அப்பாவை அழைத்துக் காட்டினேன். ஒரே நிமிடத்தில் சிக்கிக்கொண்டார். படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்க எழுதி வைப்பது மாற்று உரை. விழாப் படங்களின் மாற்று உரையில் எல்லாவற்றுக்கும் 'படம்' என்று நான் போட்டிருந்தேன். மாற்று உரை இருக்கிறதா என்று கருவி பார்த்தது, இருந்தது, மதிப்பெண் கொடுத்துவிட்டது. அவருக்குக் கேட்டது "படம், படம், படம்" என்று பதினெட்டு முறை. விடைத்தாளில் எல்லாக் கேள்விக்கும் ஏதோ எழுதியிருக்கிறது என்பதற்காக மதிப்பெண் போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

மாற்று உரை எழுதுவது எனக்குச் சுலபமாக வரவில்லை. முதலில் எல்லாவற்றையும் வர்ணித்தேன்: "நீலச் சீருடையில், சிரித்த முகத்துடன், வரிசையாக நிற்கும் மாணவிகள்..." அவர் கேட்டுவிட்டு, "டீச்சர், இந்தப் படத்தை எதுக்குப் போட்டீங்க?" என்றார். மாவட்ட கோகோ போட்டியில் வென்ற அணி என்று சொன்னேன். "அப்ப அதைச் சொல்லுங்க. சீருடை நிறம் எனக்கு எதுக்கு?" படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட அது அந்த இடத்தில் ஏன் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அலங்காரக் கோடு, பூ, பின்னணிப் படம் என்றால் மாற்று உரையை வெற்றாக விட வேண்டும். அப்போது ஸ்கிரீன் ரீடர் பேசாமல் கடந்து போகும். 'அலங்காரப் படம்' என்று எழுதி வைப்பதுகூடத் தொந்தரவுதான்.

ஓவியக் கண்காட்சிப் பக்கத்தில் மட்டும் இந்த விதி போதவில்லை. அங்கே படம்தான் செய்தி. முப்பத்தைந்து ஓவியங்களுக்கும் நான் எழுதத் தொடங்கினேன். நான்காவது ஓவியத்துக்கு "மரத்தடியில் ஒரு வீடு" என்று எழுதியதை எட்டிப் பார்த்த, அதை வரைந்த பிள்ளை, "அது வீடு இல்ல மிஸ், ஆடு" என்றாள். அதன் பிறகு ஒவ்வொருவரும் தங்கள் ஓவியத்துக்குத் தாங்களே இரண்டு வரி எழுதித் தர வேண்டும் என்று ஆக்கிவிட்டேன். என்னுடையதைவிட நன்றாக எழுதினார்கள்.

இனி சில சின்ன விஷயங்கள். சின்னதென்றாலும் கேட்பவருக்குச் சின்னதில்லை.

எங்கள் பக்கங்கள் எல்லாமே உள்ளே 'ஆங்கிலம்' என்று அறிவிக்கப்பட்டிருந்தன. தளத்தின் வார்ப்பு ஆங்கிலத்தில் செய்யப்பட்டது, யாரும் மாற்றவில்லை. அதனால் சில கருவிகளில் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று திக்கியது. சிலவற்றில் வாசிக்காமலே தாண்டியது. பக்கத்தை உள்ளே கட்டியிருக்கும் எச்டிஎம்எல் குறிமொழியின் தொடக்கத்தில் மொழிக் குறியைத் தமிழ் என்று மாற்றினோம். நடுவே ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ஆங்கிலக் குறி.

தலைப்புகளை அழகுக்காக 'சு ற் ற றி க் கை' என்று எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுப் போடும் வழக்கம் எங்களிடம் இருந்தது. ஸ்கிரீன் ரீடருக்கு அது ஒரு சொல் கிடையாது, ஆறு துண்டுகள். நட்சத்திரக் குறிகளால் போட்ட கோடும் அப்படியே: நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்.

எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் தலைப்பாகிவிடும் என்று நினைத்திருந்தேன். கண்ணுக்கு ஆகும். ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்கள் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்பதில்லை. நாம் கண்ணால் மேய்வது போல அவர்கள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறார்கள். என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு. உண்மையான தலைப்புக் குறி இல்லாத பக்கத்தில் எச் எங்கேயும் போகாது. வேர்டிலும் தளத்தின் எழுதுபெட்டியிலும் 'ஹெடிங்' என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் போதும். இணைப்புகளையும் அப்படிப் பட்டியலாக எடுத்துக் கேட்பார்கள். எங்கள் முகப்பில் 'இங்கே சொடுக்கவும்' பதினோரு தடவை இருந்தது. பதினொன்றில் எது தேர்வு அட்டவணை?

ஒருநாள் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு என் தளத்தில் நானே சேர்க்கைப் படிவம் வரை போகப் பார்த்தேன். டேப் விசையை அழுத்திக்கொண்டே போனேன். எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. தளம் கட்டியவரைக் கேட்டால், "அந்த நீலக் கட்டம் அசிங்கமா இருக்குன்னு எடுத்துட்டேன் மேடம்" என்றார். கை நடுங்குபவர்கள், மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் எல்லோருக்கும் அந்தக் கட்டம்தான் அம்புக்குறி. திரும்பப் போடச் சொன்னேன். மெனுவின் உட்பகுதிகள் மவுஸை மேலே வைத்தால் மட்டும் திறந்தன. அதையும் என்டர் விசைக்குத் திறக்கும்படி ஆக்கினார். பக்கத்தின் உச்சியில் 'நேராக உள்ளடக்கத்துக்குப் போக' என்று ஓர் இணைப்பு வைத்தார். இருபத்து மூன்று தள்ளல்கள் ஒன்றாகின. இந்த மூன்றும் அவருக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை.

நிறம் பற்றித் தெரிந்துகொண்டது எதிர்பாராத இடத்திலிருந்து. ஆண்டு நாள்காட்டியில் விடுமுறை சிவப்பு, தேர்வு பச்சை. ஆசிரியர் அறையில் இதை எல்லாம் புலம்பிக்கொண்டிருந்தபோது வரலாறு சார் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும் டீச்சர். பசங்ககிட்ட கேட்டுக்குவேன்." பத்து வருடமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம். சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெண்களைவிட ஆண்களிடம் அதிகம், ஆக எந்த வகுப்பிலும் ஒரு பையனாவது இருக்கலாம். இப்போது கட்டத்துக்குள் 'விடுமுறை', 'தேர்வு' என்று எழுதியே இருக்கிறது. நிறம் கூடுதல் உதவிக்கு. வெளிர்நீலத்தில் வெள்ளை எழுத்து என்ற எங்கள் முகப்பு அலங்காரமும் போனது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது ஏஏ நிலையின் நெறி. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும்.

தானாக ஓடிக்கொண்டிருந்த படத்தொகுப்பை எடுத்தபோது தலைமையாசிரியைக்குத்தான் வருத்தம். நிறுத்தும் பொத்தான் வைத்தும் வைத்துக்கொண்டிருக்கலாம். ஐந்து நொடிக்கு மேல் தானாக அசைவதற்கு நிறுத்த வழி இருக்க வேண்டும் என்றுதான் நெறி சொல்கிறது. ஆனால் அதை யாரும் பார்க்கவே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

படிவங்கள்தான் நேரத்தைத் தின்றன. சேர்க்கைப் படிவத்தில் பெட்டிக்குள்ளேயே மங்கலாக 'பெற்றோர் பெயர்' என்று இருக்கும். தட்டச்சு செய்யத் தொடங்கினால் மறைந்துவிடும். பாதியில் குழந்தை கூப்பிட்டுப் போய்த் திரும்பி வருபவருக்கு எந்தப் பெட்டியில் எதை எழுதினோம் என்று நினைவிருக்காது. எல்லாப் பெட்டிக்கும் வெளியே நிரந்தரமான பெயர்ச்சீட்டு வைத்தோம், பெட்டியோடு இணைத்து. தப்பாகப் பூர்த்தி செய்தால் 'சிவப்பில் உள்ளவற்றைத் திருத்தவும்' என்று வந்துகொண்டிருந்தது; இப்போது 'பிறந்த தேதியில் வருடம் இல்லை' என்று வார்த்தையில் சொல்கிறது. பத்து நிமிடத்தில் காலாவதியாகி எழுதியதெல்லாம் அழிந்துபோகும் ஏற்பாடு ஒன்று இருந்தது. ஏன் வைத்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. எடுத்துவிட்டோம். நெளிந்த எழுத்துகளைப் படித்து 'நான் மனிதன்' என்று நிரூபிக்கச் சொல்லும் படமும் போயிற்று. பார்வையில்லாத மனிதரை அது மனிதராக ஏற்றுக்கொள்ளாது.

காது கேளாத ஓர் அம்மா எழுதிய மின்னஞ்சல் வந்த பிறகுதான் 'தொடர்புக்கு' பக்கத்தில் தொலைபேசி எண் மட்டுமே இருப்பது உறைத்தது. மின்னஞ்சல் முகவரியை அவர் வேறு யாரிடமோ வாங்கியிருந்தார். குறுஞ்செய்திக்கு ஓர் எண், மின்னஞ்சல், இரண்டையும் சேர்த்தோம். காணொளிகளுக்குத் துணைவரிகள் போடத் தொடங்கினோம். தானாக வரும் துணைவரியை அப்படியே விட்டால் பெயர்களும் எண்களும் கந்தலாகிவிடும். திருத்த ஆள் வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் அதைச் செய்கிறார்கள். சைகை மொழியையே முதல் மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுத்தில் போட்டால் மட்டும் தீர்ந்துவிடாது. அதற்கு நாங்கள் இன்னும் எதுவும் செய்யவில்லை.

எழுத்தாக்கியாயிற்று, ஸ்கிரீன் ரீடரும் வாசிக்கிறது. வாசித்தது புரிந்ததா? அந்தத் தேர்வுச் சுற்றறிக்கை இப்படி இருந்தது: "மேற்காணும் பொருள் தொடர்பாக, எதிர்வரும் வெள்ளிக்கிழமையன்று நடைபெறவிருந்த அறிவியல் பாடத் தேர்வானது நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு ஒத்திவைக்கப்பட்டு, அதற்கடுத்த வேலை நாளில் நடத்தப்படவுள்ளது என்ற விவரம் பெற்றோர் அனைவருக்கும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." அடுத்த வேலை நாள் எது? சனிக்கிழமையா, திங்கட்கிழமையா? இப்போது தளத்தில் இப்படிப் போடுகிறோம்: "வெள்ளிக்கிழமை நடக்க இருந்த அறிவியல் தேர்வு திங்கட்கிழமைக்கு மாறியிருக்கிறது. நேரம் அதேதான், காலை 10 மணி." தேதியோடு மாதத்தின் பெயரையும் எழுதுகிறோம். கோடு போட்டு எண்ணாக எழுதினால் மூன்றாம் மாதமா நான்காம் மாதமா என்ற குழப்பம் வரும். சில குரல்கள் அதைப் பின்னம் போல வாசிக்கவும் செய்யும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெற்றோர், தமிழை இரண்டாவது மொழியாகப் படித்தவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள் என்று இந்த மாற்றத்துக்கு நன்றி சொன்னவர்கள்தான் அதிகம். இதற்கு ஒரு மென்பொருளும் தேவைப்படவில்லை. நகலில் மட்டும் பழைய வாக்கியம் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

இடையில் ஒரு விற்பனையாளர் வந்தார். ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளத்தின் மூலையில் ஒரு பொத்தான் வரும், அதை அழுத்தினால் எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தை மாற்றுவது எல்லாம் செய்தது. நான் ஒரு ஸ்கேன் படத்தைத் திறந்து, "இதை வாசிக்கச் சொல்லுங்க" என்றேன். வாசிக்கவில்லை. தேவை உள்ளவர்கள் தங்களுக்கு ஏற்ற கருவியோடுதான் வருகிறார்கள். அந்தக் கருவிக்குப் புரிகிற மாதிரி நாம் போட்டால் போதும்.

இன்று நடைமுறை இதுதான். அலுவலகத்திலிருந்து எனக்குத் தட்டச்சுக் கோப்பு வராமல் படம் மட்டும் வந்தால் நான் ஏற்றுவதில்லை. முதல் இரண்டு மாதம் சண்டையாக இருந்தது. ஸ்கேனர் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: 'இதன் கோப்பு எங்கே?' நான் விடுப்பில் இருந்தால் யார் ஏற்றுவது என்பதற்கு இன்னும் இருவருக்குப் பழக்கியிருக்கிறேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்த அப்பாவையும் இன்னும் இரண்டு பெற்றோரையும் அழைத்து, ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்கிறோம். அவர்கள் தடுமாறும்போது வாயைத் திறந்து வழி சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

போன வாரம் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி. "டீச்சர், விடுப்புப் படிவத்துல தேதி கேட்கிற இடத்துல ஒரு காலண்டர் திறக்குது. ஒவ்வொரு நாளா தள்ளித் தள்ளி நான் அடுத்த மாசத்துக்குப் போறதுக்குள்ள லீவே முடிஞ்சிடும்." தளம் கட்டியவரிடம் சொல்லி, நாள், மாதம், வருடம் என்று தட்டச்சு செய்யும் மூன்று சாதாரணப் பெட்டிகளாக மாற்றினோம். மறுநாளே சோதித்துவிட்டு அழைத்தார். "இப்ப சுலபமா இருக்கு டீச்சர். ஆனா மாசத்துல 13ன்னு போட்டேன், ஏத்துக்கிச்சு."